கயிறும் கட்டமும்

எடின்பரோவில் வேலை பார்க்கும் பள்ளிக்கூட நண்பன் போன வருடம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஆபீஸ் நண்பர் ஒருவரின் கல்யாணத்துக்குப் போயிருக்கிறான். முட்டி வரைக்கும் கட்டம் போட்ட கில்ட், இடுப்பில் முன்பக்கம் தொங்கும் தோல்பை, முட்டிக்குக் கீழே முடியும் கம்பளிக் காலுறை. ஊரில் கைலியோடு தெருமுனைக் கடைக்குப் போகவே கூச்சப்படுகிற ஆள். படத்துக்குக் கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"கில்ட் வாடகைக்கு விடுற கடைக்குப் போனேன்டா. அந்தம்மா மொதல்ல என்ன கேட்டாங்க தெரியுமா? எந்தக் குலம்னு. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. அப்படில்லாம் ஒண்ணும் இல்லீங்கன்னேன். அதுக்கென்ன, புடிச்சத எடுத்துக்கோன்னு ஒரு வரிசையக் காட்டுறாங்க. இதெல்லாம் யாரு வேணாலும் கட்டலாமாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தப் 'பக்குன்னு' மட்டும் சிரிப்பில் சேராமல் தனியாக நின்றது. எங்கள் இரண்டு பேருக்கும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தத் துணியைப் பற்றி.

டார்ட்டன் பார்ப்பதற்குத்தான் சிக்கல். எழுதினால் ஒரு வரிக்குள் அடங்கிவிடும். கறுப்பு இத்தனை இழை, பச்சை இத்தனை இழை, நடுவில் மெல்லிசாகச் சிவப்பு இரண்டு இழை என்று நிறத்துக்கு ஓர் எழுத்தும் இழைக்கு ஓர் எண்ணும் போட்டு எழுதுகிறார்கள். இந்த வரிசைக்கு செட் என்று பெயர். கடைசி நிறம் வந்ததும் அங்கேயே திரும்பி, வந்த வழியே பின்னோக்கிப் போக வேண்டும். முதல் நிறத்தைத் தொட்டதும் மறுபடி முன்னோக்கி. பாவில் என்ன வரிசையோ ஊடையிலும் அதே வரிசை. எங்கள் தொழிலில் சொன்னால் ஓர் அர்ரே, ஒரு ரிவர்ஸ், இரண்டு லூப். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நாற்பது வரியில் புரோகிராம் எழுதி, நண்பன் கட்டியிருந்த கட்டத்தை லேப்டாப் திரையில் வரைந்து பார்த்தேன். ஓரளவுக்கு வந்தது.

வரையும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பாவில் பச்சையும் ஊடையில் பச்சையும் சந்திக்கிற இடத்தில் மட்டும்தான் சுத்தமான பச்சை. மற்ற இடங்களில் எல்லாம் கலப்பு. டார்ட்டனை நெய்யும் முறை அப்படி: ஊடை இழை இரண்டு பாவுக்கு மேலே, இரண்டுக்குக் கீழே என்று போகும், அடுத்த வரியில் ஓர் இழை தள்ளிப் போகும். அதனால் இரண்டு நிறம் சந்திக்கிற இடத்தில் சாய்கோடுகளாக இரண்டும் கலந்து, தூரத்தில் இருந்து பார்த்தால் மூன்றாவது ஒரு நிறமாகத் தெரியும். நம் மயில்கழுத்துச் சேலை மாதிரிதான்; பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம், கண்ணுக்குத் தெரிவது இரண்டும் இல்லாத ஒன்று. கணக்குப் போட்டால் ஆறு நிற நூல் வைத்து நெய்த டார்ட்டனில் 21 நிறங்கள் தெரியும். அதில் ஆறுதான் சுத்தம். மிச்சம் 15 கலப்பு. ஒரு குலத்தின் அடையாளம் என்று தோளில் போட்டுக்கொள்கிற துணியில் பெரும்பகுதி எந்த ஒரு நூலுக்கும் சொந்தமில்லாத நிறம்.

சரி, அந்தக் குலம் என்ற விஷயமாவது எவ்வளவு பழசு? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. கட்டம் போட்ட கம்பளித் துணி ஸ்காட்லாந்தில் மிகப் பழசு. ஃபால்கிர்க் என்ற ஊரில் ரோமானிய நாணயங்கள் நிறைந்த பானையோடு கிடைத்த துண்டு மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் இந்தக் கட்டம் இந்தக் குலத்துக்கு என்ற கணக்கு அவ்வளவு பழசில்லை. மார்ட்டின் மார்ட்டின் என்ற பயணி 1703இல் எழுதிய நூலில், தீவுக்குத் தீவு கட்டம் மாறும், துணியைப் பார்த்து ஆள் எந்தப் பக்கத்துக்காரன் என்று சொல்லிவிடலாம் என்கிறார். அது ஊர் அடையாளம், நெய்தவரின் கைப்பழக்கம், பக்கத்தில் கிடைத்த சாயம். 1746இல் கல்லோடன் போரில் ஹைலாண்டர்கள் எதிரி யார், நம்மாள் யார் என்று பிரித்தது தொப்பியில் குத்திய ரிப்பனின் நிறத்தை வைத்து. கட்டத்தை வைத்து அல்ல. அந்தக் காலத்து ஓவியங்களில் ஒரே ஆள் மேலே ஒரு டார்ட்டன், கீழே வேறொரு டார்ட்டன் என்று போட்டுக்கொண்டு நிற்கிறான்.

1815இல் லண்டனில் இருந்த ஹைலாண்ட் சொசைட்டி குலத்தலைவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, உங்கள் குலத்தின் டார்ட்டன் துண்டை அனுப்பி வையுங்கள் என்று கேட்டது. பல தலைவர்களுக்குத் தங்கள் கட்டம் எது என்றே தெரியவில்லை. மெக்டொனால்ட் பிரபு, எனக்கே தெரியவில்லை, நீங்களே விசாரித்து அசலான மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிற தொனியில் பதில் எழுதினார். இதைப் படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன். குலப்பெருமை தலைவரிடமே ஸ்டாக் இல்லை.

ஸ்டாக் இருந்தது கடையில். பானக்பர்ன் ஊரில் வில்சன் என்ற நெசவுக் குடும்பம் படைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் டார்ட்டன் நெய்து விற்றது. அவர்கள் 1819இல் தொகுத்த மாதிரிப் புத்தகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கட்டங்கள். பலவற்றுக்கு வெறும் நம்பர், சிலவற்றுக்கு ஊர்ப் பெயர், சிலவற்றுக்குக் குலப்பெயர். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பை நடத்தியவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். எல்லோரும் தத்தம் குல டார்ட்டனில் வர வேண்டும் என்று ஏற்பாடு. இருபது வருடம் கழித்து, தங்களை இளவரசர் சார்லஸ் எட்வர்டின் பேரன்கள் என்று சொல்லிக்கொண்ட இரண்டு சகோதரர்கள், பழைய ஏட்டுச்சுவடி ஒன்றில் இருந்து எடுத்தது என்று 75 டார்ட்டன்களைப் புத்தகமாகப் போட்டார்கள். ஏடும் பொய், பேரன்களும் பொய். ஆனால் அதில் இருந்த கட்டங்களில் பல இன்றுவரை குல டார்ட்டனாகக் கடையில் விற்கின்றன.

வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1983இல் வந்த கட்டுரை ஒன்றில் இதையெல்லாம் கிழித்துத் தொங்கப்போட்டார். அதில் அவர் சொல்லும் ஒரு கதையைப் படித்ததிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை. மெக்பெர்சன் குலத்தலைவருக்குக் கிடைத்த டார்ட்டன் கடை அலமாரியில் ஏற்கெனவே இருந்த ஒன்று. அவருக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதன் பெயர் 'கிட்'. ஏனென்றால் கிட் என்ற ஒருவர், மேற்கிந்தியத் தீவுகளில் தன்னிடம் இருந்த அடிமைகளுக்கு உடுத்தக் கொடுக்க அதை மொத்தமாக வாங்கியிருந்தார். அதற்கும் முன்னால் அதற்குப் பெயரே இல்லை, வெறும் நம்பர்தான். ஒரே இழை வரிசை. அடிமையின் முதுகில் அது கிட். தலைவரின் தோளில் அது மெக்பெர்சன்.

ட்ரெவர்-ரோப்பரின் கேலி எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் நிற்கிற இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை. கண்டுபிடிக்கப்பட்ட மரபு, ஆகவே போலி என்றால் எந்த மரபு தேறும்? நம் ஜவுளிக்கடையில் போய்ப் 'பாலும் பழமும் கட்டம்' என்று கேட்டால் சேல்ஸ்மேன் யோசிக்காமல் எடுத்துப் போடுவார். 1961இல் வந்த படத்தில் சரோஜாதேவி கட்டியதால் வந்த பெயர். படம் பார்க்காத பேத்திகள் கல்யாணத்துக்கு அதைப் 'பாரம்பரியக் கட்டம்' என்று கேட்டு வாங்குகிறார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? சினிமாவில் இருந்து வந்தால் என்ன, சோழர் காலத்தில் இருந்து வந்தால் என்ன, கட்டுகிற பெண்ணுக்கு அழகாக இருக்கிறது. வயசை வைத்து ஒரு வழக்கத்தின் யோக்கியதையை அளக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். வேறு ஏதோ ஒன்றை வைத்து அளக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கும் ஸ்காட்லாந்துக்கும் நூல் உறவு நெடுநாளாக உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையில் பஞ்சாலை வைத்த ஆண்ட்ரூ ஹார்வியும் ஃபிராங்க் ஹார்வியும் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஊரில் பெரியவர்களுக்கு அது இன்னமும் ஹார்வி மில். திருப்பரங்குன்றம் பக்கம் மில் தொழிலாளர்கள் குடியிருந்த இடத்துக்கு ஹார்விபட்டி என்று பெயர். ஒரு ஸ்காட் குலப்பெயரோடு 'பட்டி' ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மதுரா மில்ஸ் 1974இல் ஜே அண்ட் பி கோட்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. அந்த கோட்ஸ் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் பிறந்த நூல் கம்பெனி. பெய்ஸ்லி என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வருவது ஒரு டிசைன். அது காஷ்மீர் சால்வையில் இருந்து போன நம் மாங்காய். ஆக அவர்கள் மாங்காயை எடுத்துக்கொண்டு தையல் நூலைக் கொடுத்தார்கள்.

மெட்ராஸ் கட்டமே ஸ்காட் சிப்பாய்களின் கில்ட்டைப் பார்த்து நம் நெசவாளிகள் போட்டதுதான் என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. நான் நம்பவில்லை. பாவில் ஒரு நூலையும் ஊடையில் ஒரு நூலையும் நிறம் மாற்றிப் போட்டால் கட்டம் தானாக விழும். அதற்குச் சிப்பாய் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணிகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கப்பலேறிக்கொண்டிருந்தன. அவை போன இடங்களில் ஒன்று மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே ஐரோப்பிய வியாபாரிகள் அந்தத் துணியைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். மெக்பெர்சன் கட்டத்தைப் படித்துச் சிரித்த வாயை இங்கே கொஞ்சம் மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் கட்டத்துக்கும் ஒரு கிட் இருந்திருக்கிறார்.

அதே மெட்ராஸ் துணி நைஜர் டெல்டாவில் வாழும் கலபாரி மக்களிடம் போய் என்ன ஆனது என்று ஜோன் ஐகர் என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். கலபாரிப் பெண்கள் நம் கட்டம் போட்ட துணியை விரித்துவைத்து, பிளேடால் சில இழைகளை மட்டும் வெட்டி உருவி எடுக்கிறார்கள். அடியில் இருந்த கட்டம் மங்கி, அதன் மேல் புதிதாக இன்னொரு வடிவம் வருகிறது. பெலெட்டே பிட்டே, வெட்டுநூல் துணி, என்று பெயர். அதைக் கட்டிக்கொண்டு நின்றால் கலபாரி என்று அர்த்தம். எங்கேயோ நெய்து, எவனோ விற்று, எதற்கோ விலையாக வந்த துணியில் இருந்து சேர்க்காமல், குறைத்து, அதைத் தனதாக்கிக்கொண்ட வேலை இது. அடையாளம் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல்படுகிற எனக்கு இந்த ஒரு அடையாளத்தின் மேல் மட்டும் பொறாமை உண்டு.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளலாம். சில நிறங்கள் நெய்தவர் யார் என்று சொல்கின்றன. சில நிறங்கள் உடுத்தியவர் யார் என்று சொல்கின்றன. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல். சுங்குடி சௌராஷ்டிர மக்களின் கைவேலை. துணியைச் சிறுசிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி, பிரித்தால் புள்ளி. அந்தப் பெயரில் அச்சடித்த புள்ளியை விற்காதே என்று சட்டம் சொன்னால் முடிச்சுப் போட்டவரின் கூலிக்கு அது காவல். ஆனால் சுங்குடியை யார் கட்டலாம் என்று யாரும் கேட்பதில்லை. மீனாட்சி கோயிலைச் சுற்றிய கடைகளில் எந்தத் தெருப் பெண்ணும் வாங்கிப் போகலாம். கைலியும் அப்படித்தான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மதுரையில் பாதி ஆண்கள் கட்டத்துக்குள்தான் இருப்பார்கள். எந்தக் கட்டம் எந்த ஆளு என்று கேட்டால் சிரிப்பார்கள். ஸ்காட்லாந்தில் 2008இல் சட்டம் போட்டு டார்ட்டனுக்கு ஒரு பதிவேடே வைத்திருக்கிறார்கள். புதுக்கட்டம் ஒன்றை உருவாக்கிக் கட்டணம் கட்டினால் பதிவாகிவிடும். சீக்கியர்களுக்கு, யூதர்களுக்கு, கம்பெனிகளுக்கு, கால்பந்து அணிகளுக்கு எல்லாம் டார்ட்டன் இருக்கிறது. உடுத்தியவர் யார் என்று சொல்லத் தொடங்கிய துணி, இன்றைக்குப் 'புடிச்சத எடுத்துக்கோ' என்று சொல்லும் துணியாக ஆகிவிட்டது.

எப்படி ஆனது என்று பார்த்தால் அவ்வளவு இனிப்பாக இல்லை. குலம் செத்த பிறகுதான் குலத்தின் நிறம் எல்லோருக்கும் ஆனது. கல்லோடனில் தோற்றவுடன் தலைவர்களின் ஆயுதம், நீதி அதிகாரம் எல்லாம் பறிக்கப்பட்டன. பிறகு அதே தலைவர்களில் பலர் ஆடு வளர்ப்பதற்காகத் தங்கள் குடிகளைத் தங்கள் நிலத்தில் இருந்தே துரத்தினார்கள். கேலிக் மொழியில் கிளான் என்ற சொல்லுக்குப் பிள்ளைகள் என்று பொருள். பிள்ளைகளைக் கப்பலேற்றிவிட்டுத் தகப்பன்மார் மன்னரின் வரவேற்புக்குக் கட்டம் தேடினார்கள். இன்றைக்கு எடின்பரோவில் கடைக்காரம்மா எந்தக் குலம் என்று கேட்கும்போது அந்தக் கேள்விக்குப் பின்னால் கத்தி எதுவும் இல்லை. அதனால்தான் அவரால் அவ்வளவு இயல்பாகக் கேட்க முடிகிறது.

இனி பஸ்ஸுக்கு வருகிறேன். ஒன்பதாவது படிக்கும்போது ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவும் நண்பனின் அம்மாவும் எங்களைக் கூட்டிக்கொண்டு அழகர்கோயில் போனார்கள். பதினெட்டாம்படிக் கருப்பரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, வாசலில் ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு கயிறு வாங்கி ஆளுக்கொன்றாகக் கட்டிவிட்டார்கள். இரண்டு நிறம் சேர்த்து முறுக்கியது. என்னென்ன நிறம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் தென்மாவட்டத்துக்காரர்கள் மிச்சக் கட்டுரையை அந்த நிறத்திலேயே படிப்பார்கள். நான் என்ன ஆளு என்றும் அதே காரணத்துக்காகச் சொல்லப்போவதில்லை. அந்த நிறத்து ஆளு இல்லை என்பது மட்டும் போதும்.

திங்கட்கிழமை டவுன் பஸ். கடைசி சீட் பதினோராம் வகுப்புப் பையன்களுக்குச் சொந்தம். அதில் ஒருத்தன் என் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். "டேய், நம்ம பயலாடா நீ? சொல்லவே இல்ல! வா பங்காளி, உக்காரு."

உட்கார்ந்தேன். இல்லை அண்ணே, இது கோயில் கயிறு என்று சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அவன் பன்னிரண்டாவது முடித்துப் போகிற வரைக்கும் சொல்லவில்லை. நேற்றுவரை 'டேய்' என்றவன் பங்காளி என்று கூப்பிட்டதும் வயிற்றுக்குள் ஒரு கதகதப்பு பரவியது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. என் நண்பன் ஃபுட்போர்டில் நின்றுகொண்டு வந்தான். அவன் கையில் கயிறு இல்லை. ராத்திரியே வீட்டில் அவிழ்த்து வைத்துவிட்டான். அந்த நிறத்தைக் கட்டிக்கொண்டு அந்த பஸ்ஸில் அவன் ஏறினால் என்ன நடக்கும் என்று பதினான்கு வயதில் அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருக்க எனக்கு வசதி இருந்தது.

ஒரே கடை, ஒரே முறுக்கு, ஒரே நூல். என் கையில் அது சீட்டு. அவன் கையில் அது அடி. கிட்டும் மெக்பெர்சனும் ஒரே துணியில் இருந்ததைப் படித்தபோது எனக்கு ஏன் தூக்கம் போனது என்று இப்போது புரிந்திருக்கும்.

2019 ஜூலையில் தமிழகப் பள்ளிக்கல்வித் துறையில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சில பள்ளிகளில் மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறநிறமாகக் கையில் கயிறு கட்டிச் சாதியைக் காட்டிக்கொள்கிறார்கள், அதைக் கண்டறிந்து நடவடிக்கை எடுங்கள் என்று. பயிற்சியில் இருந்த ஐஏஎஸ் அதிகாரிகள் கொடுத்த மனுவின் பேரில் போடப்பட்டது. எதிர்ப்பு வந்ததும், எனக்குத் தெரியாமல் வந்தது, பழைய நிலையே தொடரும் என்றார் துறை அமைச்சர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதன் பரிந்துரைகளில் ஒன்று, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்வது.

தடை என்றதும் டார்ட்டன்காரர்கள் சிரிப்பார்கள். 1746இல் லண்டன் பாராளுமன்றம் ஹைலாண்ட் உடைக்குத் தடை போட்டது. ஆண்களும் பையன்களும் அதை உடுத்தினால் முதல் முறை ஆறு மாதச் சிறை, இரண்டாம் முறை ஏழு வருடம் கடல் கடத்தல். ராணுவத்துக்கு மட்டும் விலக்கு. நமக்காகச் சாகப்போகிறவன் கட்டிக்கொள்ளலாம். 36 வருடம் கழித்து 1782இல் நீக்கினார்கள். அதற்குள் வெறும் துணியாக இருந்தது வீரத்தின் சின்னமாகி, அதுவரை ஹைலாண்டரைக் காட்டுமிராண்டி என்ற சீமான்களே அதை ஆசையோடு போட ஆரம்பித்தார்கள். ஆகவே தடை போட்டால் கயிறு இன்னும் இறுகும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்துக்கென்று வேறொரு உடைத் தடை இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டதை ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். தங்கம் வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி போடக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. மீறினால் குடிசை எரிந்தது. இதற்குப் பாராளுமன்றம் தேவைப்படவில்லை. நண்பனின் தாத்தா அந்தக் காலத்தில் பிறந்தவர். வீட்டில் அவன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கயிற்றை அவிழ்த்தபோது யாரும் ஏன் என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் 'தடை போட்டால் இறுகும்' என்ற வாதம் எனக்குத் தளர்ந்துவிட்டது. லண்டன் தடுத்தது தோற்றவனின் உடையை. ராமநாதபுரத்தில் தடுத்ததும் எளியவனின் உடையை. வகுப்பறையில் கயிற்றை அவிழ்க்கச் சொல்வது அப்படிப்பட்டது அல்ல. கடைசி சீட்டில் உட்கார்ந்திருப்பவனை அவிழ்க்கச் சொல்கிறோம். ஆனால் இங்கேயும் முழு நிம்மதி இல்லை. பல ஊர்களில் அடிபட்ட பிள்ளைகளும் தங்களுக்கென்று ஒரு நிறத்தைக் கட்டிக்கொண்டுதான் தலைநிமிர்ந்தார்கள். நீலம் என்ற நிறத்துக்கு இந்த நாட்டில் இருக்கும் அர்த்தத்தைக் கோயில் வாசலில் ஐந்து ரூபாய்க்கு வாங்க முடியாது. எல்லாக் கயிறும் கயிறுதான் என்று ஹெட்மாஸ்டர் கத்தரிக்கோலை எடுக்கும்போது, ஒருவனிடம் இருந்து அதிகாரத்தையும் இன்னொருவனிடம் இருந்து தைரியத்தையும் ஒரே வெட்டில் வெட்டுகிறார். வெட்டத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒன்று என்று சொல்லிக்கொண்டு வெட்டக் கூடாது.

என் நண்பனிடம் இதைப் பேசிப் பார்த்தேன். அவனுக்கு இந்தத் தத்துவத்தில் எல்லாம் ஆர்வம் இல்லை. "அந்தக் கடையில நான் எதை எடுத்தேன்னு நெனைக்கிற? நம்ம ஊரு ஸ்கூல் யூனிபார்ம் மாதிரி இருந்துச்சுடா. கருநீலமும் பச்சையும். அதான் எடுத்தேன்" என்றான். அவன் எடுத்தது பிளாக் வாட்ச் என்று பிறகு தேடிக் கண்டுபிடித்தேன். ஹைலாண்டர்களைக் கண்காணிக்க அரசாங்கம் வைத்த படையின் கட்டம். அதை அவனிடம் சொல்லவில்லை.

இந்த மாதம் இன்னொரு வாட்ஸ்அப். கடைசி சீட்டுக்காரரிடம் இருந்து. அவர் இப்போது சொந்தமாக லாரி ஓட்டுகிறார். நல்ல மனுஷன், கொரோனா சமயத்தில் என் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க ராத்திரி முழுக்க அலைந்தவர். மகளுக்குக் காதணி விழா. பிளெக்ஸ் டிசைனை அனுப்பியிருக்கிறார். சுற்றிலும் அதே இரண்டு நிறத்தில் பார்டர். கீழே பொடிப்பொடியாக முகங்கள். 'பங்காளிகள்' என்ற வரிசையில் நான்காவதாக, என் ஃபேஸ்புக் படத்தை வெட்டி ஒட்டி, என் பெயர்.

எடின்பரோவுக்கு அதை அனுப்பிவிட்டு, என்னடா செய்யட்டும் என்று கேட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"போய்ட்டு வா. நல்ல ஆளு. மொய்யில என் பேரையும் ஒரு ஐநூறு எழுது."

எங்கள் பக்கத்தில் மொய்யை மைக்கில் வாசிப்பார்கள். பெயருக்கு முன்னால் ஊரும் தெருவும் சேர்த்து. விழா ஐப்பசியில்.